கம்பியில்லா இணையத்தில் ஏறும் குரல்



புதிதாக எழும்பும் நம் இல்லங்களில் காங்கிரீட் தளமும் தடித்த சுவரும் பெருகி வருகின்றன. அவற்றைத் துளைத்துக்கொண்டு உள்ளறை வரைக்கும் செல்பேசி அலை வந்து சேர்வதில்லை. வாப்பா வாசற்படிக்கு வந்தும், உம்மா மாடிப்படியில் ஏறி நின்றும் பேச வேண்டிய நிலை பல வீடுகளில் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் ஒருநாள் உள்ளறையில் அமர்ந்தபடியே பேச்சுத் தெளிவாகக் கேட்கத் தொடங்கியிருந்தால், காரணத்தை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். கைபேசித் திரையின் மேல்மூலையைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயருக்கு அருகில் ‘வைஃபை’ என்னும் குறிப்பு நிற்கலாம். உங்கள் குரல் கோபுரத்தை நாடாமல், கூடத்து மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் ரூட்டரின் வழியே இணையத்தில் ஏறிச் செல்கிறது என்பதே அதன் பொருள்.

இதுவும் வாட்ஸப்பில் பேசுவதும் ஒன்றா என்று கேட்பீர்கள். இரண்டிலும் குரல் இணையத்தில்தான் செல்கிறது. ஆனால் வாட்ஸப்பில் இரு முனையிலும் அதே செயலி இருந்தாக வேண்டும். வைஃபை அழைப்பிலோ உங்கள் வழக்கமான எண்ணிலிருந்தே பேசுகிறீர்கள்; எதிர்முனையில் இருப்பவர் பழைய தரைவழித் தொலைபேசியை வைத்திருந்தாலும் மணி ஒலிக்கும்.

இல்லங்களோடு இது நிற்கவில்லை. ஜவுளிக்கடை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் நடத்துவோரிடையே தொலைபேசிக் கம்பிகளை அறவே அகற்றிவிட்டு, எல்லாப் பேச்சையும் வைஃபைக்கு மாற்றிக்கொள்ளும் எண்ணம் பரவியிருக்கிறது. கருவி விற்க வருவோர், “இணைய இணைப்புத்தான் இருக்கிறதே, இதை வாங்கி வைத்தால் போதும்” என்பர். போதாது. ஏன் போதாது என்பதை அறிந்துகொண்ட பிறகு பணத்தை எடுப்பது நலம்.

குரல் இணையத்தில் பயணம் செய்யும் விதம் விந்தையானது. பழைய தொலைபேசித் தரத்தின்படி, நாம் எழுப்பும் ஓசை நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. அவ்வெண்கள் துண்டு துண்டாக வெட்டப்படுகின்றன. பெரும்பாலும் ஒரு நொடிப் பேச்சுக்கு 50 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் இருக்கும் சரக்கு 160 பைட். அது தனி உறையில் இடப்பெற்று, முகவரியும் வரிசை எண்ணும் எழுதப்பெற்று அனுப்பப்படுகிறது. அந்த உறையின் கனம் மட்டும் 40 பைட். குரலைச் சுருக்கித் துண்டொன்றை 20 பைட்டாக்கும் முறையும் உண்டு. அப்போது கடிதத்தைப்போல் இரு மடங்கு கனம் உறைக்கு!

இணையத்தில் செல்லும் மற்றச் சரக்குகளுக்கு அவசரம் இல்லை. புகைப்படம் இரண்டு நொடி பிந்தி வந்தாலும் புகைப்படமே. குரல் அப்படிக் காத்திருக்காது. நேரம் தவறி வந்த துண்டை, வராத துண்டாகவே கருதி கருவி வீசியெறிந்துவிடும். காதில் விழுவது அரைகுறைச் சொல்லே. ஒருமுனையிலிருந்து மறுமுனைக்குக் குரல் சென்று சேர 150 மில்லிநொடிக்கு மேல் ஆகாதிருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. அதாவது ஒரு நொடியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அந்த எல்லையை வெகுவாகத் தாண்டினால், ஸலாம் சொன்னவர் பதில் வரவில்லையே என்று மறுமுறையும் சொல்ல, அதே வேளையில் பதில் ஸலாமும் வந்து சேர, இரு பேச்சும் முட்டிக்கொள்ளும். வளைகுடா அழைப்புகளில் இதை அனுபவிக்காத குடும்பம் நம்மிடையே குறைவு.

காத்திருக்க இயலாத இந்தக் குரலை, காத்திருப்பையே ஒழுங்காகக் கொண்ட வைஃபையில் ஏற்றுகிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேசலாம். மற்றவை வாய்மூடிக் கேட்டிருந்து, இடைவெளி கண்ட பின்னரே பேசும். இரண்டு ஒருசேரப் பேசிவிட்டால் இரண்டும் பின்வாங்கி மீண்டும் காத்திருக்கும். துண்டு கிடைத்தது என்று எதிர்க்கருவி ஒவ்வொரு முறையும் ரசீது கொடுக்க வேண்டும். சிறு சிறு துண்டுகளாகச் செல்லும் குரலுக்குப் பயண நேரத்தைக் காட்டிலும் முறைக்காக நிற்கும் நேரமே மிகுதி. நொடிக்கு 11 மெகாபிட் வேகம் என்று பெருமை பேசிய அந்நாளைய வைஃபைப் பெட்டி, வெறும் கணக்கின்படி அறுபது அழைப்புகளைத் தாங்கியிருக்க வேண்டும். டஜன் அழைப்புகள் ஏறியதுமே அது திணறியது. முதல் வைஃபை விதிமுறை 1997-இல் வெளிவந்தது. குரலுக்கு முன்வரிசை கொடுக்கும் திருத்தம் 2005-இல்தான் வந்தது. இன்றைய ரூட்டர்கள் பெரும்பாலானவற்றில் அந்த வசதி உண்டு. அது செயல்படும் நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பவர்தாம் அரிது!

வணிகம் நடத்தும் சகோதரர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து படிக்க வேண்டுகிறேன். நான்கு மாடி மருத்துவமனை ஒன்றை எண்ணிப் பாருங்கள். கையில் வைஃபைத் தொலைபேசியுடன் செவிலியர் ஒரு வார்டிலிருந்து மறு வார்டுக்கு விரைகிறார். ஒரு பெட்டியின் எல்லை முடிந்து அடுத்த பெட்டியின் எல்லை தொடங்கும் இடத்தில், கருவி புதிய பெட்டியிடம் தன்னை மீண்டும் அடையாளம் காட்டியாக வேண்டும். அதற்கு ஒரு நொடி பிடித்தால் ஐம்பது துண்டுகள் போயின. மருந்தின் அளவைச் சொல்லும் சொல் அந்த ஐம்பதில் இருந்தால் என்னாவது? இந்தக் கைமாற்றத்தை விரைவாக்கும் விதிமுறை 2008-இல் வந்துவிட்டது. ஆனால் பெட்டி, தொலைபேசி இரண்டும் அதை ஏற்றால்தான் பயன். வாங்குமுன் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

கேட்டதோடு நில்லாமல், கூட்டம் மிகுந்த நேரத்தில் ஓர் அழைப்பை ஏற்படுத்தி, பேசியபடியே கட்டடம் முழுதும் நடந்து பாருங்கள். மாடிப்படி, சரக்கறை, மின்தூக்கி எதையும் விடாதீர்கள். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. உணவகத்து மைக்ரோவேவ் அடுப்பின் இரைச்சலும் அங்கேதான். எனவே குரலுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையை ஒதுக்குவதே சிறப்பு. வாடிக்கையாளருக்கு இலவசமாகத் திறந்துவிடும் வைஃபையில் கடையின் தொலைபேசியை இணைக்காதீர்கள். இன்னொன்று: கண்காணிப்புக் கேமராக்கள் இரவும் பகலும் படத்தை வெளியே ஏற்றிக்கொண்டிருக்கும் கடைகளில் மேலேறும் வழி அடைபட்டு, நாம் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காமல் அவர் பேசுவது மட்டும் நமக்குக் கேட்கும். பழியெல்லாம் தொலைபேசிக் கருவியின் மீது விழும்.

இனி, சேவை வழங்கும் நிறுவனங்கள் இதில் ஏன் இறங்கின என்பதைச் சுருக்கமாகக் காண்போம். அமெரிக்காவில் டி-மொபைல் நிறுவனம் 2007-இலேயே நாடு தழுவிய அளவில் இதைத் தொடங்கியது. இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இறங்கின. கைபேசி முதலில் உங்கள் வைஃபை வழியாக நிறுவனத்தின் வாயிற்கணினியை அடைந்து, பிறர் படிக்க முடியாதபடி பூட்டிய சுரங்கப்பாதை ஒன்றை அமைத்துக்கொள்கிறது. குரல் அதனுள் செல்கிறது. புதுக் கோபுரம் எழுப்பும் செலவு நிறுவனத்திற்கு மிச்சம். உங்கள் வீட்டு இணையம், உங்கள் மின்சாரம், உங்கள் ரூட்டர் ஆகியவை அவர்களுடைய கோபுரத்தின் வேலையைச் செய்கின்றன. இதற்காகக் கட்டணத்தில் தள்ளுபடி ஏதும் கிடைத்ததாகத் தெரியவில்லை!

சட்டத்தின் பக்கமும் நமக்குத் தொடர்புடையது. வெளிநாட்டு அழைப்புகள் விதேஷ் சஞ்சார் நிகம் ஒன்றின் கையிலேயே இருந்த காலம் 2002-இல் முடிந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் இணையத் தொலைபேசிக்கும் கதவு திறக்கப்பட்டது. ஆனால் கணினியிலிருந்து நாட்டுக்குள் உள்ள தொலைபேசி எண்ணை அழைக்க அனுமதி இல்லை. எந்த இணையத்தின் வழியாகவும் உரிய எண்ணோடு பேசும் அனுமதி 2018-இல்தான் கிடைத்தது. வளைகுடாவில் சவூதி அரேபியா தன் தடையை 2017 செப்டம்பரில் தளர்த்தியது. ஐக்கிய அரபு அமீரகமோ உரிமம் பெற்ற செயலிகளுக்கே இடமளிக்கும் கொள்கையை நெடுங்காலம் கடைப்பிடித்து வந்துள்ளது.

இந்த இடுக்கில் புகுந்தவையே கள்ள இணைப்பகங்கள். வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் இறக்கி, பல சிம் அட்டைகள் செருகிய பெட்டி மூலம் உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடுகிறார்கள். துபாயிலிருந்து மகன் பேசும்போது, அவருக்குச் சொந்தமில்லாத ஏதோ ஓர் இந்திய எண் திரையில் தோன்றினால் ஐயப்படுங்கள். அவர் தம்முடைய இந்திய எண்ணிலேயே வைஃபை அழைப்பில் வந்தால் தவறில்லை. குறைந்த கட்டண அட்டையை வாங்கிய மகனுக்கு இது தெரியாதிருக்கலாம். ஆனால் அழைத்தவர் யாரெனக் கண்டறிய முடியாத இவ்வழியைத்தான் மோசடிக்காரரும் பயன்படுத்துகின்றனர். முறையிட, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தனி ஏற்பாடு உண்டு. சிம் பெட்டி வைக்க வாடகைக்கு அறை கேட்டு வருவோருக்கு இடம் கொடுத்தால் வீட்டுக்காரரும் விசாரணைக்கு உள்ளாக நேரும். மாதாமாதம் கணிசமான தொகை தருகிறேன் என்பார்கள், ஏமாறாதீர்கள்.

மின்சாரத்தை இறுதிக்கு வைத்தேன். செம்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்னோட்டம் இணைப்பகத்திலிருந்தே வந்தது. ஊர் இருண்டாலும் அது பேசியது. வைஃபை அப்படியன்று. நள்ளிரவில் மின்சாரம் போய், உள்ளறையில் வயோதிகர் ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டால், ரூட்டரும் உறங்கிப்போயிருக்கும். கோபுர அலையோ அவ்வறையை எட்டாது. அத்தகைய வேளையில் வாசலுக்கு அல்லது மாடிக்கு ஓடி 112-ஐ அழைத்து, முதலில் முகவரியைச் சொல்ல வேண்டும். வைஃபையில் பேசுபவர் எங்கிருக்கிறார் என்பதைக் கோபுரத்தைக் கொண்டு அறிய முடியாது என்பதால், அமெரிக்காவில் இவ்வசதியை இயக்கும்போதே வீட்டு முகவரியைப் பதிவு செய்யச் சொல்கிறார்கள்.

மருத்துவமனை வைத்திருப்போர் ஒரு தரைவழி இணைப்பையோ, வாசலருகே கோபுர அலை எட்டும் ஒரு கைபேசியையோ விட்டுவைக்கட்டும். வீடுகளில் இன்வெர்ட்டர் இருந்தும், ரூட்டர் செருகிய பிளக் அந்த வரிசையில் சேராமல் கிடப்பதைப் பரவலாகக் காணலாம். சேர்த்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாதோர்க்கு ரூட்டருக்கென்றே சிறிய 12 வோல்ட் மின்கலப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. உங்கள் ரூட்டர் கேட்கும் வோல்ட் அளவை அதன் அடியில் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி இழை இணைப்பு உள்ள வீட்டில் சுவரோரம் தனியாக இன்னொரு சிறு பெட்டி இருந்தால், அதற்கும் மின்சாரம் வேண்டும். பிறகு ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உள்ளறையிலிருந்து ஓர் அழைப்பைச் செய்து பாருங்கள்.