‘மாட்டு ஊசிதானே?’

மேற்கு மாவட்ட நகராட்சி ஒன்றில் தூய்மைப் பணியாளர்களைச் சந்திக்கப் போயிருந்தோம். சம்பளப் பிடித்தம், பி.எஃப். பற்றிப் பேசத்தான் போனோம். கிளம்பும் நேரத்தில் ஓர் அக்கா தன் பெருவிரலைக் காட்டினார். கால்நடை கிளினிக் ஒன்றின் வாசலில் கட்டி வைத்திருந்த கறுப்பு கேரி பையைத் தூக்கியபோது ஊசி ஏறியிருக்கிறது. உள்ளே போய்க் கேட்டதற்கு, “மாட்டு ஊசிதானே, ஒண்ணும் ஆகாது, சோப்பு போட்டுக் கழுவு” என்று அனுப்பிவிட்டார்கள். மேஸ்திரியிடம் சொன்னதற்கு, “பாத்து எடுக்க மாட்டியா?” என்று திட்டு. “ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்குக் கூலி போயிருமுங்க கண்ணு, அதான் போகல” என்றார்.

‘மாட்டு ஊசிதானே?’ தோழர்களே, இந்த ஒரு கேள்விக்குள் எவ்வளவு சாதி இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில், அது பொய். கன்று வீச்சு நோய்க்கு எதிராக 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அதில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமி. கன்றைக் காக்கும் அதே மருந்து ஊசி வழியாக மனித உடம்பில் ஏறினால் விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியுமாக ஆளை முடக்கிப் போடலாம். கால்நடை மருத்துவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் அந்த ஊசியைப் போடும்போது கையுறையும் கண்ணாடியும் அணியச் சொல்கிறார்கள். ஊசியைப் போடுகிறவருக்கு எச்சரிக்கை, பொறுக்குகிறவருக்கு சோப்பு!

அதோடு, குப்பைக்குள் கிடக்கும் ஊசி மாட்டுக்குப் போட்டதா, மனிதருக்குப் போட்டதா என்று எந்தப் பையிலும் எழுதி ஒட்டியிருப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, “என்ன ஊசி?” அந்த அக்கா என்ன பதில் சொல்வார்?

அடுத்தது சட்டம். உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 மார்ச்சில் அறிவிக்கப்பட்டன. அவை யாருக்குப் பொருந்தும் என்ற பட்டியலில் கால்நடை மருத்துவ நிறுவனங்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கருத்தடை அறுவையில் வெட்டியெடுத்த கருப்பை, ரத்தம் தோய்ந்த பஞ்சு, காலாவதியான மருந்து எல்லாம் மஞ்சள் பைக்குப் போக வேண்டும். ட்ரிப் டியூப், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு சிவப்புப் பைக்கு. ஊசியும் பிளேடும் குத்திக் கிழிக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு. கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டிக்கு. சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மற்றக் குப்பையோடு கலக்கவே கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும்.

நல்ல விதிகள்தான். ஆனால் இதே விதிகளில் ‘பெரும் விபத்து’ என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. கழிவு ஏற்றிய லாரி கவிழ்ந்தால் பெரும் விபத்து. கழிவு நீர்நிலையில் கலந்தாலும் பெரும் விபத்து. 24 மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். ஊசி குத்துவது மட்டும் பெரும் விபத்தில் சேராது என்று அந்த வரையறையே விலக்கி வைக்கிறது. அதை ஆண்டறிக்கையில் சொன்னால் போதும். அந்த ஆண்டறிக்கையை எழுதுவது யார்? கிளினிக்காரர். அந்த அக்கா கிளினிக்கின் ஊழியர் அல்ல, நகராட்சியின் நிரந்தரப் பணியாளரும் அல்ல, ஒப்பந்தக்காரரின் தினக்கூலி. ஆக, அவர் பெருவிரலில் ஏறிய ஊசி எந்தக் காகிதத்திலும் ஏறாது. கிளினிக்கின் கணக்கில் விபத்து பூஜ்யம், சுவரில் சான்றிதழ் பளபளக்கும்.

“சின்ன கிளினிக், வருமானமே கம்மி, கழிவு வண்டிக்கு மாதாமாதம் எங்கே பணம் கட்டுவது?” என்று கேட்கிறார்கள். நாய்க்கு முடி வெட்டுவதற்கும் ஷாம்பூ குளியலுக்கும் விலைப்பட்டியல் ஒட்டத் தெரிந்த கிளினிக்குக்கு இதற்கும் ஒரு வரி சேர்க்கத் தெரியாதா? அரசு கால்நடை மருந்தகங்களின் கதை வேறு. ஏழை விவசாயியின் ஒற்றை மாடும் நம் மக்களின் ஆடும் அங்கேதான் போகின்றன. அங்கே மருத்துவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வண்டியும் டப்பாவும் கொடுக்க வேண்டியது அரசு. யார் பணம் கட்டுவது என்பதில் வாதிடலாம். பணம் கட்டாதபோது அந்த விலையை யார் உடம்பு கட்டுகிறது என்பதில் வாதமே இல்லை.

பொது சுத்திகரிப்பு நிலையத்தின் வசதி எட்டாத கிராமங்களில் ஆழக் குழி தோண்டிப் புதைக்க விதி அனுமதிக்கிறது. இரண்டு மீட்டர் ஆழம், மேலே சுண்ணாம்பு என்று அளவெல்லாம் சொல்கிறது. குழிக்குள் இறங்குவது யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, ஊருக்குத் தெரியும்.

இந்த விதிகள் வந்த அதே 2016 ஜூலையில்தான் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக தலித் இளைஞர்களைக் காரில் கட்டி வைத்து அடித்தார்கள். பதிலுக்கு சுரேந்திரநகரில் நம் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தின் முன் போட்டார்கள். உயிரோடு இருக்கும்வரை மாடு அவர்களுக்குத் தாய். செத்தபின் அது நமக்கு ஒதுக்கிய வேலை. அந்த வேலையைக் கைவிடச் சொல்லி 1927இலேயே மகாடில் அம்பேத்கர் பேசினார். நூறு ஆண்டு நெருங்குகிறது. செத்த மாட்டின் இடத்தில் இன்று கறுப்பு கேரி பை வந்திருக்கிறது. தூக்கும் கை மாறவில்லை.

2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவை திருநெல்வேலியில் கொட்டியபோது தமிழ்நாடே கொதித்தது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. கொதித்தது சரிதான். ஆனால் மாநில எல்லையைத் தாண்டிய குப்பைக்கு வரும் கோபம், தினமும் நம் தெருமுனையில் நம் அக்காவின் கையில் ஏறும் ஊசிக்கு ஏன் வரவில்லை?

கையுறை கொடுத்தோம் என்று போட்டோ எடுப்பவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: ஊசிக்கு ரப்பர் கையுறை தடையே இல்லை. ஊசி அந்தப் பைக்குள் வரவே கூடாது என்பதுதான் நம் கோரிக்கை.

மாணவத் தோழர்களே, ஒரு விடுமுறையை இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் ஊரில் எத்தனை கால்நடை கிளினிக், மருந்தகம் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அவற்றில் எத்தனைக்கு அங்கீகாரம் உண்டு, எந்த சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம், கடந்த ஆண்டறிக்கையில் எத்தனை ஊசிக் காயம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டார்கள் என்று நகராட்சியிடம் கேளுங்கள். ஊசி குத்தினால் அன்றே இலவச சிகிச்சை, கூலி பிடிக்காத விடுப்பு, காயத்தைப் பதியும் பதிவேடு ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரிக்காத மருத்துவக் கழிவுப் பையைத் தொட மறுக்கும் உரிமை வேண்டும். மறுத்தால் வேலை போகாது என்ற உத்தரவாதம் வேண்டும்.

அந்த அக்காவை வற்புறுத்தி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஓ.பி. சீட்டில் காரணம் எழுதும் இடத்தில் ‘குப்பை எடுக்கும்போது ஊசி குத்தியது’ என்று எழுத வைத்தோம். அவருக்கு நடந்ததற்கு இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி அந்தச் சீட்டுதான். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். கேள்வி கேட்க அது போதும்.

ஜெய் பீம்!