பந்தயக் காரின் முதற்செலவு

தொண்டாமுத்தூரிலிருந்து பேரூர் வழியாகக் கோவை நகருக்குள் புகுந்து, மறுபுறம் செட்டிபாளையம் வரை செல்கிறவர்கள் அங்கே காணும் கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத் தடம், மாருதி எஞ்சினைக் கொண்டு 'ஃபார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கி, செல்வந்தர்களின் விளையாட்டாக இருந்த கார்ப் பந்தயத்தை ஏனைய இளைஞர்களுக்கும் எட்டச் செய்து, 1995இல் விமான விபத்தில் மறைந்த எஸ். கரிவரதனின் ஞாபகமாக நிற்பது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே. இன்று நாடெங்குமிருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களுடன் ஃபார்முலா பாரத் போட்டிக்கு அதே தடத்துக்கு வருகிறார்கள்.

இந்த உற்சாகத்தில் எனக்குள்ள அபிமானம் பெரிது. ஆகையால் கவலையும் பெரிது. கார் கட்ட முனையும் இளைஞர்கள் பணத்தையும் சாமர்த்தியத்தையும் எஞ்சினில் கொட்டிவிட்டு, மிஞ்சியதைக் கொண்டு ரோல் கேஜையும் இருக்கையையும் முடித்துக்கொள்ள நினைப்பது அபாயமான வரிசை.

கார் உருளும்போது ஓட்டுநரைச் சுற்றியுள்ள இடம் நசுங்காமல் காப்பது ரோல் கேஜ் ஒன்றே. அதன் பிரதான வளைவுக்கு, 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும் உடைய, இணைப்புத் தையலில்லாத எஃகுக் குழாயைச் சர்வதேச விதி கேட்பது வீண் கண்டிப்பினால் அன்று. மோதலில் குழாய் வளையலாம், வாய் பிளக்கக் கூடாது என்பதே அதன் காரணம். தோட்டத்து போர்வெல்லுக்கு வாங்கி மிஞ்சிய ஜி.ஐ. பைப்பை எவ்வளவு நேர்த்தியாக வெல்டிங் செய்தாலும் அந்தக் குணம் அதற்கு வராது. கேஜ் இடத்தைக் காக்க, அந்த இடத்துக்குள் உடலை நிறுத்துவது இருக்கையும் ஆறு முனை பெல்ட்டும். காலாவதித் தேதி கடந்ததையோ ஒருமுறை மோதலைச் சந்தித்ததையோ மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப் பொருத்துவது பிராணனோடு பேரம் பேசுவதாகும்.

சாலையில் ஓடும் ஜீப்புகளுக்கு அலங்காரமாக ரோல் கேஜ் போடும் மோகத்தையும் கண்டிக்கவே வேண்டும். ஹெல்மெட் அணியாத தலைக்கு அருகிலுள்ள அந்த இரும்புக் குழாயே மரண காரணமாகிவிடக்கூடும்.

பந்தயத் தடத்திலோ, இத்தகைய காப்பு வேண்டாம் என்றவர்களும் உண்டு. ஃபார்முலா ஒன் கார்களில் ஓட்டுநரின் தலைக்கு மேல் 'ஹேலோ' என்னும் வளையம் 2018இல் கட்டாயமானபோது, அதை எதிர்த்தவர்களில் ஓட்டுநர் ரொமெய்ன் குரோஜானும் ஒருவர். 2020 நவம்பரில் பஹ்ரைனில் அவர் கார் தடுப்பு வேலியைப் பிளந்து, இரண்டாக முறிந்து தீப்பற்றியது. தீக்குள்ளிருந்து தாமே வெளியேறிய அவர், தம் உயிர் பிழைத்தது அந்த வளையத்தினால் என்று பின்னர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

பம்பு, மோட்டார், நெசவாலை யந்திரம் என்று உலோகத்தோடு வாழ்ந்து தேர்ந்த வெல்டர்கள் நிறைந்த கோவைக்கு, உறுதியான கேஜ் ஒன்றைக் கட்டுவது எட்டாத வித்தை அன்று. கல்லூரிகள் இருக்கைக்கும் பெல்ட்டுக்கும் கேஜுக்கும் உரிய தொகையை முதலில் ஒதுக்கிவிட்டே எஞ்சினைப் பற்றிப் பேசட்டும். ஒட்டுகளை வெட்டிப் பார்ப்பதற்கென்று மாதிரித் துண்டுகளைச் செய்து சோதிக்கட்டும். வர்ணம் பூசுமுன் வெறுங் குழாயாகவே கேஜை வெளிப் பரிசோதகர் ஒருவரிடம் காட்டட்டும். அவர் வேண்டாமென்று சொன்னால், விளம்பரம் கொடுத்தவர் வாசலில் காத்திருந்தாலும், அந்தக் கார் பட்டறையிலேயே நிற்கட்டும்.