கைதிகள் கதையும் குளத்துக் கணக்கும்

"மனிதன் பிறவியிலேயே சுயநலமி, பொதுச்சொத்தை அவனிடம் விட்டால் பாழாக்குவான்!" முதலாளித்துவப் பண்டிதர்கள் ஓயாமல் பாடும் பல்லவி இது. 1950-ல் அமெரிக்காவில் உருவான 'கைதிகள் ஆட்ட'த்தை இதற்குச் சாட்சியாக இழுக்கிறார்கள். தனித்தனி அறையில் அடைபட்ட இரு கைதிகள், கலந்து பேச வழியின்றி, ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பார்களாம்!

அடைத்தது யார்? பேச்சைத் தடுத்தது யார்? பண்டிதர் அதைக் கேட்பதில்லை. கூடிப் பேசினால் முடிவு மாறும். மில் தொழிலாளிக்கு இது தெரியாதா? சங்கம் என்பதே அதுதானே!

பொருளாதார அறிஞர் பிரணாப் பர்தன் தமிழகத்தின் 48 பாசன ஊர்களை ஆராய்ந்து, 2000-ல் வெளியிட்ட முடிவு என்ன? நிலவுடைமையில் ஏற்றத்தாழ்வு மிகுந்த இடத்தில் ஒத்துழைப்புக் குறைகிறது. பெரிய மனிதர்கள் வகுத்த விதி என்று விவசாயி கருதினால், அந்த விதி அதிகம் மீறப்படுகிறது. கோளாறு மனித சுபாவத்தில் அல்ல, நிலவுடைமையில்!

குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாக ஓடித் தென்காசி வட்டாரக் குளங்களை நிரப்புகிறது. கரைக்கு மண் சுமப்பவர் விவசாயத் தொழிலாளி. பாசன நிர்வாகத்துக்கான 2000-ம் ஆண்டுச் சட்டமோ நிலவுடைமையாளருக்கே சங்க உறுப்பினர் உரிமை அளித்தது. ஒத்துழைப்பு வேண்டுமாம், ஓட்டு மட்டும் கிடையாதாம்!

தோழர்களே! உழுபவனுக்கு நிலம், மண் சுமப்பவனுக்கு மடையில் உரிமை. முதலில் இதைக் கொடுக்கட்டும். மனித சுபாவத்தைப் பிறகு பேசலாம்!