டயருக்குப் பால்!

"டியூப் எங்க தம்பி?"

போடி பஞ்சர் கடை அண்ணன் என் சைக்கிள் டயருக்குள் நாலு விரலை விட்டுத் துழாவிவிட்டுக் கேட்டார்.

"டியூபே கிடையாதுண்ணே. இதுக்குப் பால் ஊத்தணும்."

"யாருக்கு?"

நியாயமான கேள்வி. நம் ஊரில் எந்தக் கட்டத்தில் பால் ஊற்றுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அன்று காலை அந்தப் பால் எனக்கே ஊற்ற வேண்டியிருந்திருக்கும். மயிரிழையில் தப்பினேன். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் சைக்கிளைப் பற்றி. 'கிராவல் பைக்' என்று பெயர். பார்வைக்கு ரேஸ் சைக்கிள் மாதிரி கொம்பு வளைந்திருக்கும். டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அகலம். தார் ரோடு, மண் ரோடு, ஜல்லி எல்லாவற்றிலும் போகலாம் என்று விற்பார்கள். தவணையில் வாங்கிவிட்டு, வீட்டில் பாதி விலை சொன்னேன். (அம்மணி இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்ற தைரியம்தான்.)

எங்கள் மலைக்கும் சக்கரத்துக்கும் உறவு பழசு. 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் விட்டார்கள். பாரம் தாங்கும் சக்கரம் தண்டவாளத்தின் மேல், கவிழாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு சக்கரம் பாதையின் மேல். இழுத்தது மாடு! 1908-ல் அதை எடுத்துவிட்டுச் சின்ன ரயில் வந்தது. 1924 வெள்ளத்தில் அதுவும் போயிற்று. அந்தக் காலத்தில் மூணாறு டீத்தூள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து சேரும். ஆக, இந்த மலையில் ஏற இறங்கப் புதுப்புது வழி தேடிய பைத்தியங்களில் நான் முதல் ஆள் இல்லை.

★ ★ ★

வாங்கிய புதிதில் டயருக்குள் டியூப் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் தெரிந்தவர் ஏலத்தோட்டத்து ஜல்லிப் பாதையில் விட்டேன். ஜல்லி முதுகில் குத்தக்கூடாதே என்று காற்றைக் குறைத்து வைத்திருந்தேன். கல் ஒன்றின் மேல் ஏறியதும் 'டொக்' என்றது. டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை. இந்த வகைப் பஞ்சருக்குப் 'பாம்புக் கடி' என்றே பெயர்.

தள்ளிக்கொண்டு வந்தேன். இருட்டப் போகிற நேரத்தில், தோட்ட வேலை முடித்து போடிக்கு இறங்கும் ஜீப் ஒன்று இரக்கப்பட்டு நின்றது. உள்ளே ஏற்கெனவே இடமில்லை. நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்த ஒரு அம்மா விசாரித்தார்:

"நாங்க கூலிக்கு மேல போறோம் தம்பி. உங்களுக்கு எம்புட்டுத் தாராங்க?"

பி.காம். படித்த என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

★ ★ ★

வீட்டுக்கு வந்து ஆராய்ச்சியில் இறங்கினேன். காற்றடைத்த டயருக்கு 1845-லேயே ராபர்ட் தாம்சன் என்பவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1888-ல் டன்லப் அதை மறுபடி கண்டுபிடித்தார், தன் பையனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக! 1947-ல் அமெரிக்க குட்ரிச் கம்பெனி காருக்கு டியூப் இல்லாத டயரை அறிவித்தது. மலை சைக்கிளுக்கு அது ஒழுங்கான முறையாக வருவதற்கு 1999 ஆகிவிட்டது.

தத்துவம் சிம்பிள். டியூப் இல்லை என்றால் நசுங்க ஆளில்லை, பாம்புக் கடி கிடையாது. தைரியமாகக் காற்றைக் குறைக்கலாம். என் எடை 72 கிலோ. டியூப் போட்டு ஜல்லியில் போக 45 பி.எஸ்.ஐ.யாவது வேண்டியிருந்தது. டியூப்லெஸ்ஸில் முன்னால் 32, பின்னால் 35 போதும். டயர் கல்லோடு சண்டை போடாமல் அனுசரித்துப் போகிறது. கல்யாணமானவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது நாலு சமாசாரம்.

ஒன்று, டயர் மட்டும் டியூப்லெஸ் என்றால் போதாது, ரிம்மும் அதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். ரிம்மின் கம்பித் துளைகளைக் காற்றுப் போகாத டேப்பால் மூட வேண்டும். டேப்பில் கஞ்சத்தனம் செய்தால் காற்று அந்த வழியாகப் போகும்.

இரண்டு, அகலம். ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்து, 40 அல்லது அதற்கு மேல். ரோட்டில்தான் அதிகம் போவீர்கள் என்றால் நடுவில் வழவழப்பு, ஓரத்தில் மட்டும் குமிழ் உள்ள டயர். முழுக்க முழுக்க மண் என்றால் உடம்பெல்லாம் குமிழ்.

மூன்று, பக்கச் சுவர். எடை குறைவு என்று மெல்லிசான டயர் வாங்கினால் கூர்ங்கல் பக்கவாட்டில் கிழித்துவிடும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் 200 மைல் ஜல்லி ரேஸ் நடக்கிறது. அங்கே சிக்கிமுக்கிக் கல்லில் டயர் கிழிந்து உட்காருகிறவர்கள் உண்டு. எங்கள் மலைக் கல்லும் அதற்கு ஒன்றும் சளைத்ததில்லை. நூறு கிராம் கூடினால் கூடட்டும்.

நாலாவது, பால். அதாவது சீலன்ட். பெரும்பாலும் ரப்பர் பால்தான், உறையாமல் இருக்க அமோனியா. கூடவே பொடிப்பொடியாகத் துகள்கள். முள் குத்தியதும் காற்றோடு பால் வெளியே ஓடிவரும். துகள்கள் ஓட்டையில் மாட்டிக்கொள்ள, பால் அங்கேயே உறைந்து அடைத்துவிடும். 40 மில்லிமீட்டர் டயருக்கு 60-லிருந்து 90 மில்லி வரை. முள் ஓட்டைக்கு இது போதும். பெரிய ஓட்டை என்றால் மோட்டார் பைக் பஞ்சருக்குச் சொருகுவார்களே, அதே மாதிரி ரப்பர் திரியைச் சொருக வேண்டியதுதான்.

எங்கள் ஊருக்கு இது அவசியமா என்றால், அவசியம். மலையில் கல் என்றால் அடிவாரத்தில் முள். ராசிங்காபுரம், மேலச்சொக்கநாதபுரம் பக்கம் மண் ரோட்டில் போய்ப் பாருங்கள். கருவேல முள் பாதி, நெருஞ்சி பாதி. அமெரிக்க சைக்கிள்காரர்களுக்கும் நெருஞ்சிதான் ஜன்மப் பகை. அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஆட்டுத் தலை'.

(இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: டயர் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் குரங்கணி காட்டுப் பாதைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். 2018 மார்ச் 11-ம் தேதி காட்டுத் தீயை இந்த ஊர் மறக்கவில்லை.)

★ ★ ★

பால் ஊற்றினேன். சோப்புத் தண்ணீர் தடவி, கம்ப்ரஸரில் ஒரே மூச்சாகக் காற்றடித்ததும் டயர் 'பட், பட்' என்று ரிம்மில் போய் உட்கார்ந்தது. அதன் பிறகு பஞ்சரே இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், அஞ்சு மாதம். ஆபீஸ் ஆபீஸாகப் பெருமை பேசினேன். மாற்று டியூப் எதற்கு வெட்டிச் சுமை என்று வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஆறாவது மாதம், அந்தக் காலை. போடிமெட்டில் டீ குடித்துவிட்டு இறங்கப் போகும்போது, ஏதோ தோன்றி முன் டயரை அழுத்திப் பார்த்தேன். கட்டை விரல் உள்ளே போனது. ஒரு முள். பிடுங்கினேன். இப்போது பால் வரும், அடைக்கும் என்று காத்திருந்தேன். வந்தது வெறும் காற்று. சக்கரத்தை ஆட்டிப் பார்த்தால் 'சளக்' சத்தம் இல்லை.

கையில் பம்ப் இருந்தது. 'நல்லா அடிச்சுவிட்டு இறங்கிடலாம், அரைமணி நேரம் தாங்காதா?' என்று மனசு பேரம் பேசியது. கீழே பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. வளைவில் சாயும்போது முன் டயரில் காற்று இறங்கினால், டயர் ரிம்மை விட்டு நழுவும். சைக்கிள் நேராகப் போகும், ரோடு மட்டும் திரும்பிவிடும். வாசலில் சின்னவள் காத்திருப்பாள் என்பது ஞாபகம் வந்தது. மானத்தை விட்டு ஜீப்புக்குக் கை காட்டினேன்.

அப்படித்தான் அண்ணன் கடைக்கு வந்து சேர்ந்தேன்.

அவர் டயரை உள்பக்கம் புரட்டினார். பால் இருந்த இடத்தில் காய்ந்த ஆடை மாதிரி ரப்பர் தோல். வெயில் ஊரில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டிய சமாசாரம், நான் மறந்தே போனேன். பி.காம்.மில் தேய்மானம் என்று ஒரு பாடமே உண்டு. அதில் எனக்கு நல்ல மார்க்!

அண்ணன் குறடால் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கிப் பேப்பரில் வைத்தார். பத்து. அத்தனையும் வெவ்வேறு நாளில் குத்தி, ஒவ்வொரு தடவையும் பால் அடைத்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலை பார்த்திருக்கிறது. பதினோராவது முள் வரும்போது அது காய்ந்துபோயிருந்தது. சத்தம் போடாமல் உழைப்பவர்களை நாம் எப்போது விசாரிக்கிறோம்?

"பத்துப் பஞ்சர். ஒண்ணுக்கு அம்பதுன்னு வச்சாலும் ஐந்நூறு ரூபா எனக்கு நட்டம் தம்பி" என்றார். சொல்லிவிட்டு, ரிம்மைத் துடைத்து, டியூபைப் போட்டு, காற்றடித்து நிமிர்ந்தார். "நல்லவேளை, இறங்காம வந்தீங்க."

எவ்வளவு என்று கேட்டேன். அம்பது வாங்கிக்கொண்டார்.

இப்போது மறுபடி பால்தான். ஆனால் மாற்று டியூப் பையை விட்டு இறங்குவதில்லை. கிளம்பும் முன் கட்டை விரல் அழுத்தல், சக்கரத்தை ஆட்டி 'சளக்' கேட்பது, இரண்டும் தவறுவதில்லை. வீட்டில் மாதக் காலண்டரில் அம்மணி எழுதும் பால் கணக்கில், 'அரை லிட்டர், அரை லிட்டர்' என்ற வரிசைக்கு நடுவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவள் கையெழுத்திலேயே இப்படி ஒரு வரி வருகிறது:

'இவருக்கு - 60 மில்லி.'