வலப்பனை: புதிய வீடுகளும் பழைய புகையும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்ட பிறகு, வீடு பற்றிய பேச்சு மீண்டும் தொடங்கியிருக்கிறது. முழுமையாக அழிந்த வீட்டைக் கட்டுவதற்கு 50 இலட்சம் ரூபா வரை வழங்கப்படும் என்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அறிவித்தார். லயத்தில் இருப்பவர்களுக்குச் சொந்தக் காணியே இல்லை, அவர்களுக்கு இது எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வி உடனே எழுந்தது. எந்த மலை பாதுகாப்பானது, எத்தனை பேர்ச், உறுதி யார் பெயரில் என்ற கேள்விகளும் தொடர்ந்தன. வலப்பனைக்கு இவை புதியவை அல்ல. 2007 ஜனவரியிலும் வலப்பனை, ஹங்குராங்கெத்த பகுதிகளில் மண்சரிவு உயிர்களைக் காவுகொண்டது. அப்போதும் இதே கேள்விகள் கேட்கப்பட்டன.

இந்தப் பேச்சில் அநேகமாக வராத ஒரு விடயம் உண்டு. அந்த வீட்டின் குசினி எப்படி இருக்கப்போகிறது? அதற்குள் ஒரு நாளைக்கு நான்கைந்து மணித்தியாலம் நிற்கும் பெண்ணின் சுவாசப்பைக்கு என்ன நடக்கப்போகிறது? மண்சரிவு ஒரு இரவில் கொல்கிறது. புகை முப்பது வருடம் எடுத்துக்கொள்கிறது. அதனாலோ என்னவோ, அதற்கு எந்த நிறத்திலும் எச்சரிக்கை விடுவதில்லை.

“வயசாயிருச்சு பிள்ள”

வலப்பனைப் பிரதேசத்தின் தோட்டங்களில் நான் பேசிய பெண்கள் பலரும் தங்கள் மூச்சைப் பற்றி ஒரே மாதிரித்தான் சொன்னார்கள். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஒருவர் சொன்னது இது: “வயசாயிருச்சு பிள்ள, மேட்டுல ஏறுனா இழுக்குது. குளிரு வேற.” அவர் வாழ்நாளில் ஒரு சிகரெட்டும் பிடித்ததில்லை. அவருக்கு அறுபது வயதுகூட ஆகவில்லை. தனக்கு இருப்பது ஒரு நோய் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சளி அதிகமானால் டிஸ்பென்சரிக்குப் போவார், சிரப்பும் மாத்திரையும் தருவார்கள், ஒரு வாரத்தில் இறங்கும், அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

இப்படியானவர்களில் எத்தனை பேருக்கு ஆஸ்துமா, எத்தனை பேருக்கு நாட்பட்ட சுவாசத் தடை நோய், எத்தனை பேருக்குக் காசநோய் என்பது பரிசோதித்தால் மட்டுமே தெரியும். மூச்சை ஊதவைத்து அளக்கும் ஸ்பைரோமீற்றர் கருவி தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பதில்லை. அதனால் எல்லாமே “இழுப்பு” என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

பாடசாலைப் புத்தகத்தில் படித்ததுதான், கொஞ்சம் நினைவுபடுத்துவோம். மூக்கு வழியாகப் போகும் காற்று அங்கே வடிகட்டப்பட்டு, சூடாகி, ஈரமாகி, குரல்வளையைத் தாண்டி வாதனாளிக்குள் இறங்குகிறது. அது இரண்டாகப் பிரிந்து வலது, இடது சுவாசப்பைகளுக்குள் போகிறது. வலது பக்கம் மூன்று சோணைகள், இதயத்துக்கு இடம்விட வேண்டிய இடது பக்கம் இரண்டு. குழாய்கள் மரத்தின் கிளைபோலத் திரும்பத் திரும்பப் பிரிந்து, கடைசியில் சிற்றறைகளில் முடிகின்றன. இரண்டு சுவாசப்பைகளிலும் சேர்த்துப் பல கோடிச் சிற்றறைகள். அவற்றை விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீற்றர் வரும். ஒரு லயத்து வீட்டின் முழுப் பரப்பைவிடப் பெரியது அது. அந்தப் பரப்பில்தான் ஒட்சிசன் இரத்தத்துக்குள் போகிறது, காபனீரொட்சைட்டு வெளியே வருகிறது.

குழாய்களின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத பிசிர்கள் இருக்கின்றன. உள்ளே வரும் தூசியைச் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. விறகுப் புகை முதலில் பழுதாக்குவது இவற்றைத்தான். கூட்டித்தள்ள ஆளில்லாத வாசல்போல உள்ளே சளி தேங்குகிறது. கிருமி தங்குகிறது. குழாயின் சுவர் வீங்கித் தடிக்கிறது. புகையில் இருக்கும் 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய துகள்கள் சிற்றறைவரை போய்விடுகின்றன. காலப்போக்கில் சிற்றறைகளுக்கு இடையிலான மெல்லிய சுவர்கள் உடைகின்றன. அப்படி உடைந்தவை திரும்ப வளர்வதில்லை. மருந்து குழாயை விரிக்கும், வீக்கத்தைக் குறைக்கும். போன சிற்றறையைக் கொண்டுவராது.

மலையகத்தில் இதற்கு இன்னொரு சுமையும் உண்டு. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் கரையோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆரோக்கியமான உடம்பு இதற்குப் பழகிவிடும். பாதி சுவாசப்பையோடு கொழுந்துச் சாக்கைச் சுமந்து மேட்டில் ஏறுபவருக்கு அந்தக் குறைவு பெரிய குறைவு.

ஏன் இன்னும் விறகு?

“காஸ் அடுப்புக்கு மாறலாம்தானே” என்று கொழும்பில் இருந்து சொல்வது சுலபம். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத்திட்டத்தில் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம், வரவுக் கொடுப்பனவு 200 ரூபாவையும் சேர்த்து 1,750 ரூபா. ஒரு 12.5 கிலோ சிலிண்டர் வாங்க இரண்டு நாள் முழுச் சம்பளத்துக்கு மேல் போகும். மண்ணெண்ணெய்க்கு மாறியவர்களுக்கு 2022 ஓகஸ்ட் பாடம் சொன்னது. ஒரே நாளில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. கவ்வாத்து மிலாறுக்கு அப்படி விலை ஏறுவதில்லை. மலையிலிருந்து இறங்கும்போது தலையில் ஒரு கட்டு கொண்டுவந்தால் அடுப்பு எரியும்.

மிலாறும் மழைக்கு நனைந்திருக்கும். ஈர விறகு எரிவதைவிடப் புகைவது அதிகம். குளிருக்கும் மழைக்கும் பயந்து கதவும் ஜன்னலும் மூடியிருக்கும். பழைய லயங்களில் புகைக்கூடு இருக்கும் இடங்களிலும் அது பல வருடங்களாகச் சுத்தப்படுத்தப்படாமல் கரியால் அடைத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். சில வீடுகளில் ஒழுகுகிறது என்று தகரத்தால் மூடிவிட்டார்கள். அடுப்புக்குப் பக்கத்திலேயே கைக்குழந்தையின் தொட்டில் தொங்குகிறது, ஏனென்றால் வீட்டில் சூடான இடம் அதுதான். இடம்பெயர்ந்தவர்கள் தற்காலிகக் கொட்டில்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் போனபோது, ஒரே அறைக்குள் அடுப்பும் ஆட்களும் இன்னும் நெருங்கினார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இந்த நுண்துகள் 24 மணித்தியாலச் சராசரியில் ஒரு கன மீற்றர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. மூடிய குசினியில் விறகு எரியும்போது அது பல மடங்கு தாண்டும். வீட்டுக்குள் சேரும் இந்தப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக அந்த நிறுவனமே மதிப்பிட்டிருக்கிறது.

தொழிற்சாலைத் தூசும் இதோடு சேர்கிறது. கொழும்பில் பணியாற்றிய நெஞ்சுநோய் மருத்துவர் சி. ஜி. ஊரகொட, தேயிலைத் தூசால் வரும் ஆஸ்துமா பற்றி 1970இலேயே மருத்துவ இதழில் எழுதினார். ஐம்பது வருடங்களுக்கும் மேலாகிவிட்டது. தேயிலை சலிக்கும் அறையில் இன்னும் சேலைத் தலைப்பையும் கைக்குட்டையையும் மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்பவர்களைப் பார்க்கலாம்.

யாருடைய பொறுப்பு?

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் எழுதிவைத்தது. நாட்டின் மற்றவர்கள் அரசாங்கத்தின் இலவச சுகாதார சேவைக்குள் வந்த பிறகும், தோட்டம் தனியாகவே கிடந்தது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போயின. தொண்ணூறுகளில் தொடங்கிய தோட்ட வைத்தியசாலைகளைப் பொறுப்பேற்கும் வேலை இன்றுவரை முழுமையடையவில்லை. பல இடங்களில் தொழிலாளி முதலில் பார்ப்பது டொக்டரை அல்ல, தோட்ட நிர்வாகத்தின் கீழ் வேலை செய்யும் வைத்திய உதவியாளரை. ஒருவர் வேலைக்குப் போக முடியாத அளவுக்கு நோயாளியா என்பதையும் அவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குபவர் “இவருக்கு இனி மலை ஏறும் வேலை கொடுக்காதீர்கள்” என்று எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பதை விளக்கத் தேவையில்லை.

பராமரிப்பு என்பது பேச்சும்தான்

மூச்சு நோயில் மருந்துக்குச் சமமாக வேலை செய்வது தாதியின் கண்ணும் பேச்சும். நோயாளிக்குத் தெரியாமல் முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பார்ப்பது அதில் முதலாவது. வளர்ந்தவர் ஓய்வாக இருக்கும்போது 12 முதல் 20 வரை இருக்கலாம். கழுத்துத் தசை இழுபடுகிறதா, உதடு நீலம் பாரிக்கிறதா, ஒரு வசனத்தை இடையில் நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பார்கள். மல்லாக்கப் படுக்கவிடாமல், தலையணையை அணைத்து முன்னால் சாய்ந்தபடி உட்காரவைப்பார்கள். பிரிமென்றகடு இறங்க இடம் கிடைத்தாலே பாதி மூச்சு லேசாகும்.

ஒட்சிசனையும் அளந்துதான் கொடுக்க வேண்டும். நாட்பட்ட சுவாசத் தடை நோய் உள்ள பலருக்கு இரத்த ஒட்சிசன் 88 முதல் 92 வீதம் வரை இருந்தால் போதும். அதிகம் கொடுத்தால் காபனீரொட்சைட்டு தேங்கி ஆளை மயக்கத்துக்குக் கொண்டுபோகலாம்.

அடுத்தது, பம்ப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது. குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, வாயில் வைத்து, அழுத்தியபடியே மெதுவாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். ஸ்டீரொயிட் பம்ப் என்றால் பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும். இதைக் கையில் கொடுத்துச் செய்யவைத்துப் பார்க்காவிட்டால் மருந்து நாக்கிலேயே நின்றுவிடும். “பம்ப் பிடித்தால் பழகிவிடும்” என்ற பயத்தையும் பேசித்தான் போக்க வேண்டும்.

இவை எல்லாமே மொழியில் நடப்பவை. மலையகத்தின் ஒரு வைத்தியசாலையில், தமிழ் தெரிந்த சுத்திகரிப்பு ஊழியர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்து, தாதிக்கும் ஒரு பாட்டிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதைப் பார்த்தேன். தாதி அக்கறையாகத்தான் கேட்டார். “ராத்திரி படுக்கும்போது எத்தனை தலையணை வைக்கிறீர்கள்” என்பது அவரது கேள்வி. படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று அறியக் கேட்பது அது. பாட்டியிடம் போய்ச் சேர்ந்தது “தலையணை இருக்கா?” என்பது. பாட்டி இருக்கிறது என்றார். அத்தோடு முடிந்தது. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் சொல்கிறது. நோயாளிக்கு அது கட்டில் பக்கத்தில் கிடைக்க வேண்டும்.

வன்னிக்கும் இது தூரமல்ல

இதை வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வாசிப்பவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல, 2009 வரை அங்கேயே எல்லாவற்றையும் அனுபவித்தன. செட்டிகுளம் முகாம்களில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் கூடாரங்களுக்குள் நெருக்கிக் கிடந்தபோது, விறகுப் புகையும் இருமலும் எப்படிப் பரவின என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். நெஞ்சில் சன்னத்துண்டோடு வாழ்பவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பழுதான சுவாசப்பையோடு புகைக்குள் சமைப்பவர்கள் முல்லைத்தீவிலும் உண்டு, இராகலையிலும் உண்டு.

இப்போதே செய்யக்கூடியவை

புதிய வீட்டு வரைபடம் எதுவானாலும், கூரைக்கு மேலே போகும் புகைக்கூடும், அறையிலிருந்து பிரிந்த குசினியும், எதிரெதிர் ஜன்னல்களும் கட்டாயமாக இருக்க வேண்டும். மொத்தச் செலவில் இது சிறிய தொகை. பழைய லயங்களில் அடைத்த புகைக்கூடுகளைச் சுத்தம் செய்வதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, தோட்ட நிர்வாகம் ஆள் அனுப்பினால் போதும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு இதையும் பேச்சுமேசையில் வைக்கலாம். சலிக்கும் அறைக்கு முறையான முகக்கவசம், ஒவ்வொரு டிஸ்பென்சரிக்கும் ஒரு ஒக்சிமீற்றர், மாதம் ஒருமுறை தமிழில் நடக்கும் நெஞ்சுநோய் கிளினிக் என்பவை கேட்கக் கூடாத பெரிய கோரிக்கைகள் அல்ல.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. மிலாறை ஒரு வாரமாவது காயவைத்து எரியுங்கள். தொட்டிலை அடுப்படியிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்கக் கேளுங்கள். காசநோய் என்றால் மாவட்ட நெஞ்சுநோய்ச் சிகிச்சை நிலையத்தில் மருந்து இலவசம், பொதுவாக ஆறு மாதத்தில் குணமாகும், ஆனால் இடையில் நிறுத்தக்கூடாது. இருமலோ மூச்சுச் சிரமமோ உள்ள குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 50, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்தால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வீடு கட்டிக் கொடுத்ததை அரசாங்கங்கள் சாவி கையளித்த எண்ணிக்கையில் கணக்குப் பார்க்கின்றன. அந்த வீட்டில் பத்து வருடம் சமைத்த ஒரு பெண், நிற்காமல் மேட்டில் ஏறிவர முடிகிறதா என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்தான்.