சாப்ட்டாச்சா?

எங்கள் மேல்வீட்டு மாமிக்கு 79 வயது. படியில் எதிர்ப்பட்டால் "சாப்ட்டாச்சா மாமி?" என்பேன். "ஆச்சே" என்பார். பதினோரு வருஷமாக இந்தக் கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை. நியூஜெர்சியிலிருந்து பிள்ளை வீடியோ காலில் கேட்பதும் இதையேதான், அவனுக்கும் "ஆச்சுடா"தான். நம்மூரில் "சாப்ட்டாச்சா" என்பதைக் கேள்வி என்று யாரும் நினைப்பதில்லை. கும்பிடுவதற்குப் பதிலாக ஒரு வார்த்தை, அவ்வளவே. அதற்கு "இல்லை" என்றால் எனக்கு இலை போடு என்று சொன்ன மாதிரி. மானமுள்ள கிழவி யாரும் அப்படிச் சொல்ல மாட்டாள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, தையல்காரர். மாமியின் ரவிக்கைகளைப் பிடித்து வாங்கிவர மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் போயிருந்தேன். ஆடியில் ஒருமுறை பிடித்தது, தீபாவளிக்கு முன்னால் மறுபடியும். "என்னாம்மா, போன தபாதான் ஒரு இஞ்ச் புடிச்சேன். பாட்டி எளைச்சிக்கினே போறாங்களே?" என்றார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை அவர் இழுத்துவிட்டுக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இத்தனைக்கும் மாமி மாதம் தவறாமல் டாக்டரிடம் போகிறவர். அந்த மாதம் நானும் துணைக்குப் போனேன். பிரஷர் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள். எடை மெஷின் மேல் பழைய ஃபைல்கள் குவிந்திருந்தன. "சுகர் சூப்பரா கன்ட்ரோல்ல இருக்கு பாட்டி!" என்று பாராட்டு வேறு. சாப்பிடாதவருக்குச் சர்க்கரை எங்கிருந்து ஏறும்?

ஆட்டோவில் திரும்பும்போது கேள்வியை மாற்றிப் பார்த்தேன். "நேத்து ராத்திரி என்ன மாமி?"

"பால்."

"பாலோட?"

"ரெண்டு மேரி பிஸ்கட். ஒருத்திக்குன்னு எதுக்குடி அடுப்பை மூட்டணும்?"

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பல்செட் தளர்ந்துபோய் காய் மெல்ல முடியவில்லை. குக்கரைத் தூக்கினால் மணிக்கட்டு வலி. எப்போதோ ஒரு டாக்டர் "அரிசியைக் குறைங்க" என்றாராம், அன்றே குறைத்துவிட்டார். அந்த இடத்தில் பருப்போ சுண்டலோ எதை வைப்பது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வயதானால் குறைவாகச் சாப்பிட்டால் போதும் என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. புரதத்தைப் பொறுத்தவரை கதை நேர்மாறு: தசை கரையாமலிருக்க, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும் என்கிறார்கள் முதியோர் மருத்துவர்கள். ஒரு டம்ளர் பாலில் ஐந்தாறு கிராம்தான் கிடைக்கும். மேரி பிஸ்கட்டைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகள் வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை, சர்க்கரையை இறக்கிவிடும். சாப்பிடாமல் படுக்கிற கிழவர்கள் விடியற்காலையில் வேர்த்துப்போய்த் தடுமாறி விழுவதை "தலைசுத்தல்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

இந்தியாவில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு முதலில் வந்தது இதே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், 1978இல், டாக்டர் வி.எஸ்.நடராசனின் முயற்சியால். பெரிய ஆஸ்பத்திரிகளில் நமக்குக் குறையில்லை. 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மையமும் வந்துவிட்டது. குறை தெருமுனை கிளினிக்கில். முதியவர்களின் ஊட்டக் குறைவைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் புழங்கும் சிறு படிவம் ஒன்று உண்டு, ஆறே கேள்வி. சாப்பாடு குறைந்ததா, மூன்று மாதத்தில் எடை இறங்கியதா, நடமாட்டம் எப்படி என்று போகும். உயரமும் எடையும் பார்க்க வழியில்லையென்றால் கெண்டைக்கால் சுற்றளவைப் பார்க்கச் சொல்கிறது; 31 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கவனி என்கிறது. அதற்குத் தேவை ஓர் அளவு நாடா. தையல்காரரிடம் இருந்தது, டாக்டர் மேசையில் இல்லை.

மாமிக்காவது காசு இருக்கிறது. எங்கள் தெருவில் முப்பது வருஷம் பாத்திரம் தேய்த்த ஆயா பட்டினப்பாக்கத்தில் தனியாக இருக்கிறார். வேலை செய்த வீடுகளில் காலை இட்லி, மதியம் மிச்சக் குழம்பு. முட்டி போனதும் சம்பளத்தோடு அந்தச் சாப்பாடும் நின்றது. ஓ.ஏ.பி. எனும் முதியோர் பென்ஷன் பணம் 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய். மயிலாப்பூர் மெஸ் எதிலும் ஒருவேளைச் சாப்பாட்டுக்கே அது காணாது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆயாவின் வாசலுக்கே பிரஷர் மாத்திரை கொண்டுவருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கு ரேஷன் அரிசியும் வீட்டுக்கு வருகிறது. மாத்திரை வருகிறது, அரிசி வருகிறது, சோறுதான் வரமாட்டேன் என்கிறது. ஊறவைத்து, உலைவைத்து, வடித்து எடுக்க ஆயாவுக்கு நிற்கக் கால் வேண்டுமே.

2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம் என்று வந்தபோது வரிசையில் நிறைய நரைத்த தலைகளைப் பார்த்தேன். ஆனால் நடக்க முடிந்தவர்களுக்குத்தான் அது. அமெரிக்காவில் 1972லேயே முதியோர் சாப்பாட்டுக்கென்று சட்டத்தில் இடம் ஒதுக்கிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 1982இல் குழந்தைகளுக்கு ஆரம்பித்த சத்துணவை அடுத்த வருஷமே முதியோர் பென்ஷன் வாங்குபவர்களுக்கும் எம்.ஜி.ஆர். அரசு நீட்டியது. நமக்குத் தெரியாத வித்தை இல்லை. மாத்திரை கொண்டுவரும் பெண்ணின் பையில் ஒரு நாடாவும், வாயில் "நேத்து ராத்திரி என்ன சாப்ட்டே ஆயா?" என்ற கேள்வியும் இருந்தால், அவர் எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குப் பக்கத்து அம்மா உணவகத்திலிருந்து ஒரு டப்பா கிளம்பினால் என்ன குறைந்துவிடும்? இதற்கு ஏதாவது அலுவலகச் சிக்கல் இருக்கும். இருக்கட்டும், அதையும் யாராவது சொல்லட்டும்.

இப்போது ராத்திரி எங்கள் வீட்டிலிருந்து ஒரு சின்ன டிபன் டப்பா மேலே போகிறது. குழைய வடித்த பருப்பு சாதம், சில நாள் அடை. முதல் வாரம் "எதுக்குடி இதெல்லாம்" என்று வாசலிலேயே சண்டை. பிறகு வாங்கிக்கொண்டார். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது வழக்கமில்லையே. மறுநாள் காலையில் டப்பா பளபளவென்று தேய்த்து வந்தது. திறந்தால், உள்ளே இரண்டு மேரி பிஸ்கட்.