கள்ளக்கடல் எச்சரிக்கை யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிக்கூடம் அடைத்ததும் குமரி மாவட்டத்துக்கு வேன் வேனாக ஆட்கள் வருகிறார்கள். காலையில் திருவள்ளுவர் சிலை, பிறகு பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவியில் குளியல், சாயங்காலம் ஏதாவது ஒரு கடற்கரை. வரட்டும். எங்கள் சிற்றூர்களில் நாலு கடை பிழைக்கிறது. வந்தவர்கள் உயிரோடு ஊர் திரும்ப வேண்டுமே!

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. கடற்கரையை அடைத்திருந்தோம், தென்னந்தோப்பு வழியாகப் புகுந்துவிட்டார்கள் என்று அப்போது அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். தோப்புக்கு நூறு வழி உண்டு. ரோட்டில் தடுப்பு வைத்தால் கடலை அடைத்ததாகிவிடுமா?

கள்ளக்கடலின் ஆபத்தே அது முகம் காட்டாமல் வருவதுதான். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் வீசிய காற்று கிளப்பிய அலை, நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து அடிக்கிறது. இங்கே வானம் தெளிந்திருக்கும், காற்றும் இருக்காது. முழங்கால் தண்ணீரில் நிற்பவரை ஒரே அலை புரட்டிவிடும். மீனவர்களுக்கு இது தெரியும். அன்று வள்ளத்தை மேடேற்றிவிடுவார்கள். சேலத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்த குடும்பத்துக்கு எப்படித் தெரியும்? ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே கணித்துச் சொல்லிவிடுகிறது. அந்தச் சொல் லாட்ஜ் வரவேற்பறைக்கும் வேன் டிரைவருக்கும் வந்து சேர்வதில்லை. எச்சரிக்கை கரை சேராததன் விலையை 2017 ஒக்கிப் புயலில் கொடுத்தவர்கள் நாங்கள்.

எங்கள் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் 'குளிக்கக் கூடாது' என்ற பலகை பெயின்ட் உரிந்து, சுண்டல் வண்டிக்குப் பின்னால் நிற்கிறது. அதில் ஈரத் துண்டு காயப்போட்டிருந்ததைப் பார்த்தேன். ஆனால் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கும் ஆள் மட்டும் இருட்டும்வரை அசைய மாட்டார். ரூபாயைக் காக்க ஆள் போட முடிகிறது, உயிரைக் காக்க முடியவில்லை.

கேரள எல்லை தாண்டிப் போனால் கோவளத்தில் விசிலோடு உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். இங்கே அலையில் சிக்கியவரை இழுத்துக் கரை சேர்ப்பது பெரும்பாலும் பக்கத்து ஊர் மீனவப் பிள்ளைகள்தான், அதுவும் சம்பளமில்லாமல். அவர்களையே பயிற்சி கொடுத்து மாதச் சம்பளத்தில் நியமிக்கட்டும். சுற்றுலா விளம்பரத்துக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கு போதும். கடற்கரைக் கட்டண வசூலை ஏலம் விடும்போது, உயிர்காப்பாளர் நிறுத்துவதையும் கள்ளக்கடல் நாட்களில் சீட்டே கொடுக்காமல் வண்டிகளைத் திருப்பி அனுப்புவதையும் ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுத வேண்டும். அடுத்த கோடை விடுமுறைக்கு முன்பே மாவட்ட நிர்வாகம் இதைச் செய்தாக வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈத்தாமொழி.